புதுப்பிப்பு: ஐந்து பேருக்கு எந்த கார்? ஜாஸ் எடுத்தாச்சு

முழங்கால் வலியுள்ள அம்மா, இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர். எஸ்யூவி வேண்டாம், பழைய ஸ்டேஷன் வேகனா (கூரை டிக்கிக்கு மேலும் நீளும் நீண்ட கார்) ஹேட்ச்பேக்கா (டிக்கி தனியாக நீட்டாத சின்ன கார்) என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கடைசியில் செகண்ட் ஹேண்ட் ஹோண்டா ஜாஸ் வாங்கிவிட்டோம், 2016 மாடல்.

மனசு வேகன் பக்கம்தான் சாய்ந்தது. இண்டிகோ மரீனா, பலேனோ ஆல்டுரா, ஆக்டேவியா காம்பி எல்லாம் இங்கே விற்றவைதான். ஆனால் பின்கதவுக் கண்ணாடியோ டெயில் லைட்டோ உடைந்தால் மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டும் என்றார் மெக்கானிக் அண்ணன்.

ஜாஸில் பெட்ரோல் டேங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதனால் பின்சீட்டின் அடிப்பகுதியை மேலே மடக்கி நிறுத்தினால் தரையிலிருந்து கூரை வரை இடம். அம்மாவின் செம்பருத்தித் தொட்டி நிமிர்ந்தபடியே வந்து சேர்ந்தது! டிக்கி 354 லிட்டர். விளிம்பு தாழ்வு, அரிசி மூட்டையை ஏற்ற முதுகு ஒடியவில்லை. அம்மாவும் கை கொடுக்காமலே ஏறி இறங்குகிறார், எனக்கு இதுதான் பெரிய நிம்மதி.

கார் போன்ற பிக்கப் (முன்பக்கம் கார், பின்னால் திறந்த சரக்குத் தட்டு) பற்றிக் கேட்ட நண்பருக்கு: ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு 1934-லேயே அப்படி ஒன்றைச் செய்தது. ஞாயிறு தேவாலயத்துக்கும் திங்கள் சந்தைக்கும் ஒரே வண்டி வேண்டும் என்று ஒரு விவசாயியின் மனைவி எழுதிய கடிதம்தான் தொடக்கம் என்பார்கள். அருமையான வண்டிதான், ஆனால் ஒரே வரிசை சீட்டில் ஐந்து பேர் எப்படி?

அப்புறம், ஜாஸ் தேடுபவர்களுக்கு: மடங்கும் அந்த சீட் எல்லா வேரியன்ட்டிலும் வராது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் நீங்களே மடக்கிப் பாருங்கள்.