பொருள்: செத்த வைஃபை பெட்டியைக் கணினியிலிருந்து எழுப்புவதற்குச் சொல்: 'கரையேற்றம்' சரிப்படுமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் வைஃபை பழுதுநீக்கக் கையேட்டில் ஒரு தலைப்பு மட்டும் பெயர் கிடைக்காமல் நிற்கிறது. அப்டேட் ஏறும்போது கரண்ட் போய், அணுகுபுள்ளியின் (வைஃபை பெட்டியின்) நிலைபொருள், அதாவது உள்ளே ஓடும் மென்பொருள், பாதியில் அறுந்துவிடுகிறது. அப்புறம் வைஃபை வராது, அமைப்புப் பக்கம் திறக்காது, விளக்கு மட்டும் எரியும். அதைக் கணினியிலிருந்து எழுப்பும் வேலைக்கு என்ன பெயர்?

'மீட்டமைத்தல்' என்றால் ஊசியால் பின்பக்கப் பொத்தானை அழுத்துவது என்றே எடுத்துக்கொள்வார்கள். 'மீட்டெடுத்தல்' பேக்கப்புக்குப் போய்விட்டது.

இங்கே நடப்பது வேறு. பெட்டியை முதலில் எழுப்பும் சிறு நிரலான துவக்கநிரல் (பூட்லோடர்) தனி இடத்தில் இருப்பதால் பிழைத்துக்கொள்கிறது. டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் பக்கத்திலிருந்து பார்த்தேன். கணினியில் டிஎஃப்டிபி (TFTP, எளிய கோப்பு அனுப்பும் முறை) சர்வரை ஓடவிட்டு, கணினியின் ஐபி முகவரியைக் கையால் 192.168.0.66 என்று போட்டார்கள் (டிபி-லிங்க் மாடல்கள் பலவற்றுக்கு இதுதான்). பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததும், அதுவே கணினியிடம் கோப்பைக் கேட்டது. 512 பைட் துண்டு ஒன்று போகும், 'வந்தது' என்று பதில் வரும், அப்புறம்தான் அடுத்தது. 1981-லேயே எழுதிவைத்த முறை, இன்றும் சோறு போடுகிறது.

முதலில் கோப்பு போகவில்லை. பெட்டி அணைந்து எழும்போது கணினியின் லேன் இணைப்பும் விழுந்து எழுகிறது. அது சுதாரிப்பதற்குள் பெட்டி கேட்டு ஓய்ந்துவிடுகிறது. நடுவே சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்றை வைத்தார்கள், கணினியின் இணைப்பு விழாமல் நின்றது, கோப்பும் போய்ச் சேர்ந்தது. கையேட்டில் இதைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

கடனில் மூழ்கியவனைக் கரையேற்றுகிறோம் என்கிறோமே, அந்தக் 'கரையேற்றம்' பொருந்தும் என்று தோன்றுகிறது. பதிவேற்றத்தோடு ஓசையிலும் ஒட்டுகிறது, கோப்பும் உண்மையிலேயே ஏறுகிறது.

– தல்லாகுளத்திலிருந்து

*

தம்பி,

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் கப்பல் கரையேறினால் அது விபத்தப்பா! தேடுகிறவனும் 'மீட்பு' என்றுதான் தட்டுவான். 'கம்பிவழி மீட்பு' போதாதா?

இன்னொன்று, துவக்கநிரலும் போயிருந்தால் உன் முறை நடக்காது. துவக்கநிரல் இருந்தும் கோப்பைக் கேட்காத பெட்டிகளும் உண்டு. இந்த இரண்டாம் வகைக்கு மூடியைக் கழற்றி, போர்டில் சீரியல் முனைகளை (துவக்கநிரலோடு நேரடியாகப் பேசும் இணைப்பு) தேடி, 3.3 வோல்ட் கேபிளில் அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, தரைக்கம்பி மூன்றை மட்டும் வைக்க வேண்டும். மின்சார முனையைத் தொடக் கூடாது. அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

– திருமங்கலத்திலிருந்து

*

அண்ணே,

கப்பல் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மனிதன் கரையேறினால் பிழைத்தான் என்றுதானே பொருள்? 'கம்பிவழி' என்பதில்தான் எனக்குச் சிக்கல். லேனும் கம்பி, சீரியலும் கம்பி. என்ன செய்கிறோம் என்று அது சொல்லவில்லை. 'கரையேற்று' என்றால் பொத்தானில் எழுதக்கூட ஒற்றைச் சொல்லாக நிற்கும்.

இப்படி வைத்துக்கொள்ளலாமா: பொதுச்சொல் கரையேற்றம். டிஎஃப்டிபியில் செய்தால் வலைவழிக் கரையேற்றம், நீங்கள் சொன்னது சீரியல்வழிக் கரையேற்றம். தேடுகிறவர்களுக்காக முதல் வரியில் 'மீட்பு' என்றும் சேர்த்துவிடுகிறேன். துவக்கநிரலே அழிந்து, நினைவகச் சில்லில் கிளிப் மாட்டி நேரடியாக எழுதுவதை இதில் சேர்க்க வேண்டாம். அது வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை.

மறுப்பிருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள், சனியன்று கோப்பைப் பூட்டிவிடுவேன்.