லாம்டா பேஜ் ஈ.கோலை மரபணுத்தொகுதிக்குள் எப்படி நுழைகிறது? பிசிஆர் பட்டைகளை எப்படிப் படிப்பது?

கேள்வி – தட்டுவளர்ப்பு

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான லாம்டா பேஜ், ஈ.கோலை பாக்டீரியாவின் கேல், பயோ என்ற மரபணுக் கூட்டங்களுக்கு நடுவே ஒரே இடத்தில்தான் போய் உட்காருகிறது. பேஜுக்கும் பாக்டீரியாவுக்கும் அங்கே பொதுவாக இருப்பது 15 காரஇணைகள் மட்டுமே. ரெக்-ஏ புரதம் ஒத்த வரிசையைத் தேடி இணைக்க இது மிகக் குறைவு. ரெக்-ஏ இல்லாத ஈ.கோலையிலும் இந்த நுழைவு நடக்கிறது. அப்படியானால் வழி என்ன?

அடுத்தது, நுழைக்கும் இன்ட் நொதிதான் வெளியேற்றவும் தேவை. பிறகு ஏன் நுழைந்த கையோடு திரும்ப வெளியே வந்துவிடுவதில்லை?

மூன்றாவது கேள்வி பிசிஆர் (டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைப் பல மடங்காக்கிப் பட்டையாகக் காட்டும் சோதனை) பற்றியது. கலங்கலான பிளாக்கின் (தட்டில் பேஜ் செல்களைக் கொன்ற வட்டத்தின்) நடுவிலிருந்து கீறி எடுத்த காலனி. பேஜும் பாக்டீரியாவும் இணையும் இடது சந்தி, வலது சந்தி இரண்டுக்கும் பட்டை வருகிறது. கூடவே பேஜ் நுழையாத வெறும் பாக்டீரியா தளத்துக்கும் பட்டை வருகிறது. இது லைசோஜனா (பேஜ் டிஎன்ஏவைத் தன் மரபணுத்தொகுதிக்குள் சுமக்கும் செல்லா), இல்லையா?

மறுமொழி 1 – இரட்டைச்சுருள்

முதலில் பெயர். தமிழில் எழுதும்போது பேஜ் இணையும் தளமும் (attP) பாக்டீரியாவின் தளமும் (attB) இரண்டுமே ‘அட்-பி’ ஆகிக் குழப்பும். அதனால் பேஜ்-அட், கோலை-அட், நுழைந்தபின் உருவாகும் சந்திகளுக்கு இடது-அட், வலது-அட் என்று வைத்துக்கொள்வோம்.

செல்லுக்குள் வரும் லாம்டா டிஎன்ஏ 48,502 காரஇணை நீளமுள்ள நேர்கோட்டு மூலக்கூறு. இரு முனையிலும் 12 காரங்கள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்தி வட்டமாகும். லிகேஸ் நொதி இழை விடுபட்ட இடங்களை ஒட்டி மூடும். இந்த வட்டம் சூப்பர்காயிலாக முறுக்கேற வேண்டும். முறுக்கேறாத பேஜ்-அட் சோதனைக்குழாயில் சரியாக வேலை செய்யாது.

ரெக்-ஏ போல நீண்ட ஒத்த வரிசையை இன்ட் தேடுவதில்லை. அது தளத்தை அடையாளம் கண்டு வெட்டி ஒட்டும் டைரோசின் ரீகாம்பினேஸ். பேஜ்-அட் சுமார் 240 காரஇணை நீளம். கோலை-அட்டுக்கு இருபத்துச் சொச்சமே போதும். இந்த வித்தியாசம் முக்கியம். பேஜ்-அட்டின் இரு கைகளிலும் (நடுப்பகுதிக்கு இரு பக்கமும் உள்ள பகுதிகளிலும்) இன்ட் உட்காரும் கூடுதல் இடங்கள் இருக்கின்றன. இன்ட்டின் ஒரு முனை கையையும், மறுமுனை நடுப்பகுதியையும் பிடிக்கும். கையும் நடுவும் கிட்ட வர டிஎன்ஏ கூர்மையாக வளைய வேண்டும். அந்த வேலையைச் செய்வது பாக்டீரியாவின் சொந்தப் புரதமான ஐஎச்எஃப். இப்படிச் சுருண்ட முடிச்சு வந்து கோலை-அட்டைப் பிடித்துக்கொள்கிறது.

வெட்டு இரண்டு தவணையாக நடக்கும். இன்ட்டின் 342-ஆவது அமினோ அமிலமான டைரோசின் டிஎன்ஏ இழையைத் தாக்கி, அறுந்த 3' முனையோடு தானே பிணைந்துகொள்ளும். விடுபட்ட 5' முனை எதிர்த் தளத்தின் பிணைப்பைத் தாக்கி அங்கே ஒட்டும். இப்போது கிடைப்பது, இரு டிஎன்ஏவும் குறுக்காகப் பிணைந்த ஹாலிடே சந்தி. 7 காரஇணை தள்ளி மற்ற இழைகளிலும் இதே வேலை நடந்தால் சந்தி பிரிந்துவிடும். ஒரு காரம்கூடக் கூடுவதில்லை, குறைவதில்லை. அறுத்த பிணைப்பின் ஆற்றல் டைரோசினிலேயே சேமிக்கப்படுவதால் ஏடிபியும் வேண்டாம்.

15 காரஇணைகளின் தேவை அந்த நடு 7-இல்தான் இருக்கிறது. அங்கே இரு தளமும் ஒத்துப்போகாவிட்டால், மாறிய இழை புதிய ஜோடியோடு பொருந்தாமல் பெரும்பாலும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

மறுமொழி 2 – கலங்கல்

திரும்ப வெளியேறாதது ஏன் என்பதற்கு: நுழைந்தபின் பேஜ்-அட் இரண்டாகப் பிரிந்து, இடது-அட்டில் ஒரு கை, வலது-அட்டில் மற்றொரு கை என்று போய்விடுகிறது. இன்ட்டும் ஐஎச்எஃப்பும் மட்டும் இருந்தால் இவற்றைச் சேர்த்து முடிச்சுக் கட்ட முடியாது. அதற்கு எக்ஸிஸ் என்ற 72 அமினோ அமிலப் புரதம் வேண்டும். எக்ஸிஸ் இருந்தால் வெளியேற்றம் நடக்கும், நுழைவு தடைபடும். அது சீக்கிரம் சிதைகிற புரதமும்கூட.

ஆகவே எக்ஸிஸ் இல்லாமல் இன்ட்டை மட்டும் தயாரிக்க வேண்டும். லாம்டா இதைச் செய்யும் விதம் எனக்கு மிகப் பிடித்த பகுதி. பேஜின் சி-டூ புரதம் தூண்டும் ஊக்கி (படியெடுப்பு தொடங்கும் இடம்), எக்ஸிஸ் மரபணுவுக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்து எழும் ஆர்என்ஏவில் இன்ட் முழுதாக இருக்கும், எக்ஸிஸ் இருக்காது. பேஜ் பெருகும் வழியில் போகும்போது இடது பெரிய ஊக்கியிலிருந்து வரும் நீண்ட ஆர்என்ஏ, பேஜ்-அட்டையும் தாண்டி ‘சிப்’ என்ற பகுதி வரை படியெடுக்கப்படும். சிப் மடிந்து கொண்டைஊசி ஆகும். ஆர்என்ஏஸ்-3 நொதி அதை வெட்டும். அங்கிருந்து பின்னோக்கி இன்ட் பகுதியும் அரிக்கப்படும். எனவே அந்த வழியில் இன்ட் குறைவு.

பேஜ் நுழைந்தபின் என்ன ஆகிறது? இன்ட் மரபணுவுக்கும் சிப்புக்கும் நடுவில்தான் பேஜ்-அட். அது அறுந்ததால் இன்ட் கேல் பக்கமும், சிப் பயோ பக்கமும் போய்விட்டன. பின்னாளில் புரோபேஜ் (உள்ளே உட்கார்ந்த பேஜ்) விழித்தால் அந்த நீண்ட ஆர்என்ஏவில் சிப் இருக்காது. இன்ட், எக்ஸிஸ் இரண்டும் தாராளமாகக் கிடைக்கும். நுழைந்த செயலே வெளியேறும் சாவியையும் தயார் செய்துவிடுகிறது.

எல்லாப் பேஜும் இப்படி இல்லை. மியூ பேஜ் கண்ட இடத்தில் புகுந்து, புகுந்த இடத்தில் 5 காரஇணைகளை இரட்டிப்பாக்கும். பி-1 பெரும்பாலும் நுழையவே நுழையாது, பிளாஸ்மிடாகத் தனியே இருக்கும்.

மறுமொழி 3 – அகரோஸ்

பிசிஆர் பற்றி. இடது-அட், வலது-அட் இரண்டும் வந்துவிட்டதால் அந்தக் காலனியில் லைசோஜன் இருக்கிறது. கோலை-அட்டும் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் கலப்படம். கலங்கலான பிளாக்கின் நடுவில் லைசோஜன் மட்டுமல்ல, பேஜ் தொடாத செல்களும் இருக்கும். ஒற்றைக் காலனி வரும்படி இரண்டு முறை கீறிச் சுத்தப்படுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

சுத்தப்படுத்திய பின்னும் மங்கலாக ஒரு பட்டை மிஞ்சினால் பயப்பட வேண்டாம். எந்த லைசோஜன் வளர்ப்பிலும் சில செல்களில் புரோபேஜ் தானாக வெளியேறும். பிசிஆரை 35 சுழற்சி ஓட்டினால் அதுவும் தெரியும். 25 சுழற்சியோடு நிறுத்துங்கள்.

நான்கு பிரைமர் (பிசிஆர் தொடங்கும் குட்டை டிஎன்ஏ) போதும்: கேல் பக்கம் ஒன்று, இன்ட் உள்ளே ஒன்று, பேஜின் சிப் பக்கம் ஒன்று, பயோ பக்கம் ஒன்று. கேல்+இன்ட் இடது-அட், சிப்+பயோ வலது-அட், கேல்+பயோ கோலை-அட், இன்ட்+சிப் பேஜ்-அட். நான்கையும் ஒரே குழாயில் போடாதீர்கள். குட்டையான துண்டு மற்றவற்றை அமுக்கிவிடும். நீட்டிப்பு நேரம் 1 நிமிடம் போதும். இடையில் முழுப் புரோபேஜ் இருந்தால் கேல்+பயோ ஜோடி அவ்வளவு தூரம் போகாது. வெறும் ஈ.கோலை டிஎன்ஏ, வெறும் லாம்டா டிஎன்ஏ இரண்டையும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வையுங்கள்.

தட்டிலும் சோதியுங்கள். லாம்டா சொட்டுக்குத் தாங்கும் காலனி எல்லாம் லைசோஜன் அல்ல. பேஜ் ஒட்டும் லாம்-பி ஏற்பியை இழந்த செல்லும் தாங்கும். பக்கத்தில் லாம்டா-விர் என்ற வீரிய வகை பேஜ் ஒரு சொட்டு வையுங்கள். லைசோஜன் அதற்குச் சாகும், ஏற்பி இழந்தது சாகாது. நோய்த்தொற்றுக்கு முன் செல்களை 0.2 சதவீத மால்டோஸில் வளர்த்து, 10 மில்லிமோலார் மெக்னீசியம் சல்பேட் சேர்த்தால் ஏற்பியும் ஒட்டுதலும் நன்றாக இருக்கும். குளுக்கோஸ் கூடாது, ஏற்பி குறைந்துவிடும். சூட்டில் விழித்துவிடும் சி-ஒன் 857 வகை பேஜ் என்றால் 30–32 டிகிரியைத் தாண்டாதீர்கள்.

தட்டுவளர்ப்பு

மிக்க நன்றி. பேஜ்-அட் ஜோடிக்கும் பட்டை வருகிறது. அப்படியென்றால் இரண்டு பேஜ் அடுத்தடுத்து நுழைந்துவிட்டதா?

அகரோஸ்

உடனே அந்த முடிவுக்கு வர வேண்டாம். அடுத்தடுத்து நுழைந்தால் நடுச்சந்தி பேஜ்-அட் வரிசையாகவே இருக்கும், உண்மைதான். ஆனால் லைசோஜன் வளர்ப்பில் வெளியே மிதக்கும் பேஜ் துகள்களும் அதே பட்டையைக் கொடுக்கும். டிஎன்ஏவை அரிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டாலும் பயன் இல்லை. தலையுறைக்குள் டிஎன்ஏ பத்திரமாக இருந்து, பிசிஆரின் 95 டிகிரியில்தான் வெளியே வரும்.

செல்களைச் சுழற்றி இறக்கி, மூன்று முறை கழுவி, 10 மடங்கு, 100 மடங்கு, 1000 மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். இரட்டை நுழைவு என்றால் ஒரு மரபணுத்தொகுதிக்கு ஒரு இடது-அட், ஒரு பேஜ்-அட்; இரண்டு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே நீர்ப்பில் மறையும். மிதக்கும் துகள் மட்டும் காரணம் என்றால் பேஜ்-அட் முன்னதாகவே மறைந்துவிடும், இடது-அட் நிற்கும்.