மேற்கத்திய கேம் இசையமைப்பாளர்களை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

அகழித்தண்ணீர் (சத்துவாச்சாரி):

எல்லோருக்கும் வணக்கம். வயது 35. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் பஸ் ஏறினால் கம்பெனி போய்ச் சேரும்வரை காதில் இயர்போன்தான். என்ன ஓடுகிறது என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டால் மட்டும் சொல்லக் கூச்சமாக இருக்கும். வீடியோ கேம் இசை.

இந்தப் பழக்கம் 2005 கோடை லீவில் பிடித்தது. தோட்டப்பாளையத்தில் ஒரு பிரௌசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். நாங்கள் அங்கே போனதற்கு முதல் காரணம் ஏசி, இரண்டாவதுதான் கேம். மே மாத வேலூரில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் ஆட்டத்தில் படு மோசம். ஒரு பக்கம் கிழிந்த ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தொடங்கும் திரையிலேயே உட்கார்ந்திருப்பேன். "ஆட்ரா டேய், மெனுவையே பாத்துக்கினு கீற" என்று கூட வந்தவர்கள் தலையில் தட்டுவார்கள். காசு அவர்களுடையதும்தானே.

அப்படிக் கேட்டதில் ஒன்று 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: த சாண்ட்ஸ் ஆஃப் டைம்'. கதையே நம் ஊர் மகாராஜா ஒருவரின் அரண்மனையைப் பாரசீகப் படை சூறையாடுவதில்தான் தொடங்கும். பாரசீகச் சாயலில் ஒரு பெண்குரல் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று எலெக்ட்ரிக் கிட்டார் உள்ளே வந்து விழும். யாரோ ஈரான்காரர் போட்டது என்று பல வருடம் நம்பியிருந்தேன். போட்டவர் ஸ்டூவர்ட் சாட்வுட், கனடாவில் ஒரு ராக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் என்று போன வருடம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பெயர்களைத் தேடும் பைத்தியம். 'ஜிடிஏ: சான் ஆண்ட்ரியாஸ்' கேமின் தொடக்க இசை மைக்கேல் ஹன்ட்டர் என்ற ஸ்காட்லாந்துக்காரருடையதாம். எத்தனை ஆயிரம் முறை கேட்டிருப்போம், அந்தப் பெயரை ஒருவனாவது சொன்னானா?

'அசாசின்ஸ் கிரீட் 2' கேமில் வரும் கதாநாயகன் எட்சியோவின் குடும்பத்து மெட்டைத்தான் இப்போது ரிங்டோனாக வைத்திருக்கிறேன். "போன் அடிச்சாலே யாரோ போய்ட்டாங்கன்னு சேதி வர மாதிரி இருக்குடா" என்கிறார் அப்பா.

சரி, கேள்விக்கு வருகிறேன். கேம் இசை என்றாலே ஜப்பான்காரர்கள்தான், கோஜி கோன்டோ, நோபுவோ உவேமாட்சு இவர்களுக்குப் பக்கத்தில் யாரும் வர முடியாது, மேற்கத்தியர்கள் ஹாலிவுட் பின்னணி இசையை நகலெடுத்தவர்கள் என்று ஒரு நண்பன் அடித்துச் சொல்கிறான். உண்மையா? அப்புறம், ஆடாமல் இசையை மட்டும் கேட்டால் போதுமா? என்னிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப், வீட்டில் 4 வயது மகள். ஆட நேரமும் கிடையாது, மிஷினும் கிடையாது.

காட்பாடி ஜங்ஷன்:

ஹாலிவுட் நகல் என்று சொன்ன நண்பருக்கு 'ரெட் அலர்ட்' கேமின் 'ஹெல் மார்ச்'சைப் போட்டுக் காட்டுங்கள். 1996. ஃபிராங்க் கிளெப்பாக்கி போட்டது, அப்போது அவருக்கு 22 வயது. பூட்ஸ் காலடியையே தாளமாக்கி மேலே கிட்டாரை ஏற்றியிருப்பார். இதை எந்தப் படத்திலிருந்து நகல் எடுத்தாராம்? ஹாஸ்டலில் செமஸ்டருக்கு முந்தைய ராத்திரி எங்கள் தளத்தில் இதுதான் சுப்ரபாதம். வேறெதுவும் எனக்குத் தெரியாது, பெரியவர்கள் வந்து சொல்வார்கள்.

மைக்செட் மகன் (ஆற்காடு பக்கம்):

தம்பி, உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கும் விடை இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் மைக் செட். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், எல்லாம் போவேன். அப்பா கூத்தில் முகவீணை (சின்ன நாதஸ்வரம் மாதிரி ஊதும் வாத்தியம்) வாசிப்பவர். நம் வட ஆற்காட்டுப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் வைத்தால் விடிய விடிய கூத்து நடக்கும் இல்லையா, அதில் சின்ன வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கி விழுந்தவன் நான்.

கூத்தில் துரியோதனன் கட்டை வேஷம் (மரத்தில் செய்த கிரீடமும் அணிகளும் கட்டிய வேஷம்) வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள், உள்ளே வேஷக்காரர். கிரீடக் கயிறு தளர்ந்துவிட்டது, புஜக்கட்டை சரிகிறது. எத்தனை நிமிடம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அப்பா ஒரே பிடியைத் திருப்பித் திருப்பி வாசிப்பார். சனங்களுக்கு அலுக்கவும் கூடாது, 'இதோ முடிந்தது' என்று காட்டிவிடவும் கூடாது. திரை விலகிய நொடியில் எங்கே இருந்தாலும் அங்கிருந்து வெட்டு தெரியாமல் அடுத்த மெட்டுக்குத் தாவ வேண்டும். மத்தளக்காரர் வேஷக்காரரின் காலைப் பார்ப்பார், அப்பா முகத்தைப் பார்ப்பார், ஆர்மோனியம் சுதியை விடாது.

சினிமாவில் இந்தத் தொல்லை இல்லை. கதாநாயகன் எத்தனையாவது நொடியில் திரும்புகிறான் என்று இசையமைப்பாளருக்கு முன்பே தெரியும். கேமில் நீங்கள் கதவைத் திறக்காமல் டீ குடிக்கப் போய்விடலாம். அப்போது இசை என்ன செய்யும்? அங்கேதான் மேற்கத்தியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். லூகாஸ் ஆர்ட்ஸ் கம்பெனியில் மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்கானல் என்று இரண்டு பேர். இசையமைப்பாளர்களே உட்கார்ந்து 'ஐமியூஸ்' என்று ஒரு மென்பொருள் ஏற்பாட்டைக் கட்டினார்கள். 1991இல் வந்த 'மங்கி ஐலேண்ட் 2'இல் அதைக் கேட்கலாம். உடைந்த கப்பல்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு ஊர் வரும். ஒவ்வொரு கடைக்குள் நுழையும்போதும் மெட்டு வேறு வாத்தியத்துக்கும் வேறு வடிவத்துக்கும் மாறும், வெளியே வந்தால் ஒரு சின்ன இணைப்புத் துணுக்கைப் பிடித்துக்கொண்டு பழைய மெட்டுக்குத் திரும்பும். முதல் முறை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். அப்பா செய்வதை மிஷின் செய்கிறது!

இன்னொன்று, 2010இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்'. பில் எல்ம், வூடி ஜாக்சன் இருவரும் சேர்ந்து போட்டது. அந்த இசையில் பெரும்பகுதி ஒரே சுதி, ஏ மைனர். ஒரே வேகம், நிமிடத்துக்கு 130 தட்டு. ஏன்? தனித்தனி அடுக்காகப் பதிவு செய்து வைத்துக்கொண்டால், எந்த அடுக்கை எதன் மேல் எப்போது போட்டாலும் ஒட்டும். சும்மா நடந்தால் ஒரு கிட்டார் மட்டும், துப்பாக்கிச் சண்டை மூண்டால் தாளவாத்தியங்கள் ஏறும். நடுவில் எங்கும் நின்று தொடங்காது. ஒரே சுதி ஒரே காலப்பிரமாணம் என்றால் கேட்கச் சலிப்பாக இருக்க வேண்டும். ஆடும்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை.

ஹாலிவுட் நகல் என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா வைத்து ஆளுக்கு ஆள் ஒரே மாதிரி முழங்கிய காலம் ஒன்று இருந்தது, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். அதில் பாதி இன்று எனக்கு நினைவிலும் இல்லை. ஆனால் இவர்கள் ஆரம்பித்த இடம் அது இல்லை. 1982இல் வந்த கமடோர் 64 கணினியின் ஒலிச் சில்லில் மூன்றே குரல். ஒரு கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு, வாசிக்கவே மூன்று சுரம் வேண்டும். மூன்று குரலையும் அதற்கே கொடுத்துவிட்டால் மெட்டை யார் பாடுவது, தாளத்தை யார் போடுவது? இங்கிலாந்தில் ராப் ஹப்பார்ட் போன்றவர்கள் ஒரே குரலுக்குள் அந்த மூன்று சுரங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக மகா வேகத்தில் சுழலவிட்டார்கள். காது ஏமாந்து அதைக் கார்டு என்று நம்பிவிடும். மெட்டை எழுதியதும் அவரே, அதை ஓட்டும் நிரலை எழுதியதும் அவரே. 1985இல் வந்த 'மாண்டி ஆன் த ரன்' கேட்டுப் பாருங்கள். மூன்று குரலா, முப்பதா என்று சந்தேகம் வரும். எங்கள் அப்பாவின் மேளமும் நாலு பேர்தான் தம்பி.

அதனால் என் கட்சி இதுதான்: ஆட வேண்டும். ஆடாமல் கேட்பது, கூத்தை கேசட்டில் கேட்பது மாதிரி.

டெனர் வரிசை (வேலூர்):

மைக்செட் அண்ணா சொன்ன கூத்துக் கணக்கு அருமை. கடைசி வரியில் மட்டும் ஒப்ப முடியவில்லை. நான் ஒரு கேமும் ஆடியதில்லை.

சர்ச் பாடகர் குழுவில் 11 வருடமாக டெனர் (ஆண்களில் மேல்குரல்) பாடுகிறேன். ஹாஸ்டலில் ஒரு தம்பியின் அறையைத் தாண்டிப் போகும்போது உள்ளே கூட்டுக்குரலில் ஒரு பாட்டு. நின்றேன். 'சிவிலைசேஷன் 4' கேமின் தொடக்கத் திரையாம். 'பாபா யேத்து'. சுவாஹிலி மொழி. பாபா என்றால் அப்பா, யேத்து என்றால் எங்கள். ஞாயிறுதோறும் "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று நாங்கள் சொல்லும் அதே ஜெபம், ஆப்பிரிக்கத் தாளத்தில். போட்டவர் கிறிஸ்டோபர் டின் என்ற அமெரிக்கர். அந்த கேமை வடிவமைத்தவர் அவருடைய கல்லூரி அறைத்தோழராம், அப்படித்தான் வாய்ப்பு வந்திருக்கிறது. கேம் வந்தது 2005. பிறகு அதே பாட்டை ஒரு ஆல்பத்தில் சேர்த்து, 2011இல் கிராமி வாங்கினார். கேமுக்காக எழுதிய இசைக்குக் கிடைத்த முதல் கிராமி அதுதான்.

எங்கள் குழுவில் பாடிப் பார்த்தோம். நான்கு குரலுக்கும் டோனிக் சால்ஃபாவில் (டோ, ரே, மீ என்று எழுத்தில் குறிக்கும் முறை) எழுதி நகலெடுத்துக் கொடுத்தேன், இரண்டு சனிக்கிழமை ஆனது. 'யேத்து' என்பதை ஆல்டோ வரிசை (பெண்களில் கீழ்க்குரல்) 'ஏத்து' என்று பாட, பின்னாலிருந்து ஒருவர் "எங்க ஏத்தணும், லாரியிலயா?" என்று கேட்க, அன்று பயிற்சி அவ்வளவுதான். பாபா என்ற வார்த்தைக்கே இளவட்டங்கள் கைமுத்திரை காட்டிக்கொண்டிருந்தார்கள், அது வேறு. மூன்றாவது வாரம் ஒழுங்காக வந்தது. தனிக்குரல் முடிந்து மொத்தக் குழுவும் உள்ளே வரும் இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் கேமில் எதை எப்படிக் கட்டுகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, தெரியாததால் எதுவும் குறைந்ததாகவும் தோன்றவில்லை.

குரலிசை பிடிக்கும் என்றால் ஜெரமி சோல் போட்ட 'ஸ்கைரிம்' தொடக்க இசை. 30 ஆண்களை மூன்று முறை பாடவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 90 பேர் ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் பேஸ் வரிசையில் (ஆண்களில் அடிக்குரல்) இருப்பவர்கள் 4 பேர், அதில் ஒருவருக்கு எப்போதும் சளி. எங்கள் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

உங்கள் ரிங்டோன்காரரைப் பற்றியும் ஒன்று. ஜெஸ்பர் கிட், டென்மார்க்காரர். 2002இல் வந்த 'ஹிட்மேன் 2'க்கு இவர் இசையைப் புடாபெஸ்ட் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராதான் வாசித்தது. நம் இளையராஜாவின் 'திருவாசகம்' 2005இல் வந்ததே, அதற்கு வாசித்ததும் அவர்கள்தான். மொட்டைத்தலைக் கொலைகாரனுக்கும் மாணிக்கவாசகருக்கும் ஒரே வயலின் வரிசை! 2018இல் வந்த 'தும்பாட்' இந்திப் படத்தின் பின்னணி இசையும் கிட் போட்டதுதான். அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பாருங்கள், ரிங்டோனை விட்டுவைப்பார்.

அகழித்தண்ணீர்:

இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று பஸ்ஸில் 'மாண்டி ஆன் த ரன்' கேட்டேன். வாலாஜா வந்ததே தெரியவில்லை. மூன்று குரல் என்று தெரிந்துகொண்டு எண்ண முயன்றேன், பாதியில் எண்ணிக்கை தவறிவிட்டது.

மகளுக்கு 'பாபா யேத்து' போட்டேன். "உன் போன் பாட்டு வேணாம், இதுதான்" என்று தீர்ப்பு. அப்பா திருவாசகம் விஷயத்தைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்படின்னா முழுசா ஒருதரம் போடு" என்றார். ஹிட்மேனையா திருவாசகத்தையா என்று கேட்கத் தைரியம் வரவில்லை, இரண்டையும் போட்டேன்.

நண்பனிடம் மங்கி ஐலேண்ட் கதையைச் சொன்னேன். "அது இசை இல்ல, இன்ஜினியரிங்" என்றான். அவனிடம் இனிமேல் பேசுவதாக இல்லை.

மைக்செட் அண்ணா, ஆட வேண்டும் என்ற உங்கள் கட்சி மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. யோசித்தால் நான் அந்த பிரின்ஸ் கேமில் முதல் அரண்மனையைக்கூடத் தாண்டியதில்லை. இசைத்தட்டில் அடுத்தடுத்து வருகிற துண்டுகள் எந்த இடத்துக்கு என்றே தெரியாமல்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேம் ஆட இப்போதைக்கு வழியில்லை. கூத்தாவது நேரில் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 20 வருடமாக இந்தப் பக்கம் இருந்தும் ஒரு இரவு முழுசாக உட்கார்ந்ததில்லை.

மைக்செட் மகன்:

அவசியம் வாருங்கள். எங்கள் பக்கம் சித்திரையில் பாரதம் வைப்பார்கள், தேதி குறித்ததும் இங்கேயே எழுதுகிறேன். கடைசி பஸ் போன பிறகுதான் கூத்தே தொடங்கும், அதனால் திரும்புவது காலையில்தான். உட்காரப் பாய் நீங்களே எடுத்து வர வேண்டும். மேளக்காரர்கள் பக்கம் இடம் பிடித்து வைக்கிறேன். திரை பிடிக்கும்போது வேஷக்காரரைப் பார்க்காதீர்கள், அப்பா கண்ணைப் பாருங்கள்.

டெனர் தம்பி, நீங்களும். உங்கள் பேஸ்காரர் சளிக்கு மேளக்காரர்களுக்குப் போடுகிற சுக்கு காபி இருக்கும்.