மறு: ‘ஹைப்பர்ஃபிளாஷ்’, ‘லோடு ரெசிஸ்டர்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுமத்தாருக்கு வணக்கம்.

காரின் வெளிவிளக்குகளில் எல்.இ.டி. பொருத்துவது பற்றிய கையேட்டுக்காகத் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த சொற்களை வரிசையாகப் படித்தேன். (எல்.இ.டி. மாட்டியதும் இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டுவது ஹைப்பர்ஃபிளாஷ். அதை நிறுத்தச் சேர்க்கும் மின்தடை உறுப்பு லோடு ரெசிஸ்டர்.) பாதிக்கு மேல் ஆங்கிலச் சொல்லைக் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறுக்கும் அகராதியில் நிகர் தேடி ஒட்டியவை. அந்தப் பொருள் மின்சுற்றில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்துத்தான் பெயர் வைக்க வேண்டும் என்பது என் கட்சி.

> ஹைப்பர்ஃபிளாஷ் – மிகைச்சிமிட்டல். ஹைப்பர்டென்ஷனை மிகை இரத்த அழுத்தம் என்கிறோமே.

இரத்த அழுத்தம் மிகுந்தால் அது நோய். இண்டிகேட்டர் வேகமாகச் சிமிட்டுவது நோயல்ல, நோய் பற்றிய தகவல். பழைய இண்டிகேட்டர் பல்பு 21 வாட். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என ஒரு பக்கத்துக்கு 42 வாட். இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் மின்னணு பிளாஷர் அந்த மின்னோட்டத்தை ஒரு சிறு தடையின் வழியே அனுப்பி, அதில் விழும் மின்னழுத்தத்தை அளந்துகொண்டே இருக்கும். ஒரு பல்பு இழை அறுந்தால் மின்னோட்டம் பாதியாகிறது. உடனே அது சிமிட்டும் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி, ‘ஒரு பல்பு போய்விட்டது, இறங்கிப் பார்’ என்று ஓட்டுநருக்குச் சொல்கிறது. இரண்டு மூன்று வாட் மட்டுமே இழுக்கும் எல்.இ.டி.யை அங்கே மாட்டினால், நன்றாக எரியும் விளக்கையும் அது அறுந்த பல்பாகவே கணக்கிடுகிறது. (ஈருலோகப் பட்டை சூடேறி வளைந்து வேலை செய்யும் மிகப் பழைய பிளாஷரில் கதையே வேறு. பட்டையைச் சூடாக்க மின்னோட்டம் போதாமல் சிமிட்டாமலே நின்றுவிடும்.)

வேகத்துக்கு எல்லை இருக்கிறது என்பதும் உண்மைதான். ஐ.நா.வின் வாகன விளக்கு விதி 48 நிமிடத்துக்கு 90 தடவை, கூடினாலும் குறைந்தாலும் 30 என்கிறது. அதாவது 60 முதல் 120 வரை. பல்பு பழுதானால் அதை ஓட்டுநருக்கு அறிவிக்கும் வழிகளில் ஒன்றாக, சிமிட்டும் வேகம் தெளிவாக மாறுவதையும் அதே விதி ஏற்றுக்கொள்கிறது. எனவே ‘மிகை’ என்ற முன்னொட்டு அளவைச் சொல்கிறதே தவிர, பதறி அறிவிக்கும் அந்த வேலையைச் சொல்லவில்லை.

என் பரிந்துரை: படபடப்பு. இமை படபடக்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று ஏற்கெனவே சொல்கிறோம். வேகமும் இருக்கிறது, ‘ஏதோ சரியில்லை’ என்ற குறிப்பும் இருக்கிறது. இன்னொரு நன்மை, இது வினையாகவும் நடக்கும். ‘இடப்பக்க இண்டிகேட்டர் படபடக்கிறது’ என்று பட்டறையில் ஒருவர் சொன்னால் அடுத்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. ‘மிகைச்சிமிட்டுகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். கலைச்சொல் பட்டியல்கள் பெரும்பாலும் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகின்றன. பட்டறை வினைச்சொல்லில்தான் பேசுகிறது.

பிளாஷருக்கு ‘மினுக்கி’ என்று வந்த பரிந்துரையைத் தயவுசெய்து கைவிடலாம். ஊர்ப்புறத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். ‘சிமிட்டி’ போதும்.

> லோடு ரெசிஸ்டர் – சுமைத்தடை.

இதில்தான் எனக்குப் பெரிய தகராறு. ‘தடை’யைத் தமிழ்நாட்டில் ஏற்கெனவே படாத பாடு படுத்தியிருக்கிறோம். பாடநூலில் மின்தடை என்றால் கடத்தியின் ஒரு பண்பு. நாளிதழில் ‘நாளை மின்தடை’ என்றால் கரண்ட் இருக்காது. ரெசிஸ்டர் என்ற உறுப்புக்கோ மின்தடையாக்கி, மின்தடையம் என்று ஒன்றுக்கு இரண்டு சொற்கள். இலங்கைப் பாடநூல்கள் ‘தடையி’ என்று மூன்றெழுத்தில் முடித்துவிட்டன, அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம். இந்தக் குழப்பத்தில் ‘சுமைத்தடை’ என்று எழுதினால் பாலத்தின் மேல் லாரிக்குப் போட்ட தடை என்றுதான் படிப்பார்கள்.

அந்தத் தடையி என்ன செய்கிறது? பெரும்பாலும் 6 ஓம், 50 வாட் என்று அச்சிட்ட, தங்க நிற அலுமினிய உறை போட்ட உருப்படி. எல்.இ.டி.க்குப் பக்க இணைப்பாக (பேரலல்) இணைக்கிறோம். இஞ்சின் ஓடும்போது 13.5 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் அதில் 2.25 ஆம்பியர் பாய்கிறது. ஏறக்குறைய 30 வாட். பழைய பல்பு தின்ற 21 வாட்டைவிட அதிகம்! மின்சாரம் மிச்சம் என்று சொல்லி எல்.இ.டி. வாங்கியவர் மிச்சத்தையும் அதற்கு மேலும் வெப்பமாகக் கொட்டுகிறார். பாதி நேரமே எரிகிறது என்றாலும், அதைப் பம்பரின் பிளாஸ்டிக்கிலோ விளக்குக் கூட்டின் முதுகிலோ ஒட்டினால் உருக்கிவிடும். தகட்டில்தான் திருகு போட்டு முடுக்க வேண்டும்.

‘போலிச்சுமை’ என்று கோவை அன்பர் எழுதியது வேலையைச் சரியாகச் சொல்கிறது. சிமிட்டியை ஏமாற்ற வைத்த பொய்ச் சுமைதான் அது. ஆனால் உதிரிபாகக் கடையில் ‘போலி’ என்றாலே டூப்ளிகேட் சரக்கு. ‘போலிச்சுமை இருக்கிறதா?’ என்று கேட்டால் கடைக்காரருக்குக் கோபம் வரும். அதனால் ஈட்டுச்சுமை என்கிறேன். குறைந்துபோன சுமைக்கு ஈடு. இழப்பீடு, ஈடுகட்டுதல் என்ற குடும்பத்தோடு இயல்பாகச் சேர்கிறது. அடகுப் பொருளையும் ஈடு என்கிறோமே என்று யாராவது கேட்கலாம். ‘சுமை’ பின்னால் வருவதால் அங்கே மயக்கம் எழாது.

தடையியே வேண்டாம், சிமிட்டியை மாற்றிவிடலாம் என்பது இரண்டாவது வழி. புதியது மின்னோட்டத்தைப் பார்க்காமல் நேரத்தை மட்டும் எண்ணிச் சிமிட்டும். பழையதைச் சுமைசார் சிமிட்டி என்றும் இதைச் சுமைசாரா சிமிட்டி என்றும் அழைக்கலாம். படபடப்பு நிற்கும், வெப்பமும் இல்லை. ஆனால் பின்னால் ஒரு விளக்கு செத்தாலும் டாஷ்போர்டு அமைதியாகவே இருக்கும். கையேட்டில் இதை எழுதாமல் விடக் கூடாது. தனிச் சிமிட்டியே இல்லாத புதிய கார்களில் இந்த வழி கிடையாது.

அந்தப் புதிய கார்களில் சிமிட்டும் வேலையைச் செய்யும் பெட்டிக்கு,

> பாடி கன்ட்ரோல் மாட்யூல் – உடல் கட்டுப்பாட்டுத் தொகுதி

என்று இருப்பதைப் பார்த்தேன். உடற்பயிற்சிக் கூடத்தில் விற்பார்கள் போலிருக்கிறது. கரூரில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிறார்கள், அதே ‘பாடி’தான் இது. கூண்டுக் கட்டுப்பாட்டகம் என்று வைத்தால் இன்னொரு சிக்கலும் தீரும்.

அது ‘எர்த்’. வீட்டு வயரிங்கிலிருந்து புவித்தொடுப்பை அப்படியே காருக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள். காருக்கும் புவிக்கும் நடுவில் நான்கு ரப்பர் டயர்கள் இருக்கின்றன! இங்கே மின்னோட்டம் மண்ணுக்குப் போவதே இல்லை. கூண்டின் இரும்பு வழியாக பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்புகிறது. வாகன மின்முனைகளுக்கு எண் தரும் ஜெர்மன் தரநிலையான டி.ஐ.என். 72552இல் இதற்கு எண் 31. பட்டறையில் ‘பாடி எர்த்’ என்கிறார்கள், அதன் முதற்பாதிதான் உண்மை. கூண்டுத் தொடுப்பு என்று எழுதுவோம். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு இரும்பில் இறுக்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலிருந்தே விளங்கும்.

இந்தத் தொடுப்பு துருப்பிடித்தால் வரும் கோளாறுக்கும் பெயர் கேட்டிருந்தார்கள். பிரேக்கும் பார்க்கிங்கும் ஒரே பல்பில் இருக்கும் 21/5 வாட் வகையில், திரும்பும் வழி அடைபட்ட மின்னோட்டம் மற்ற இழைக்குள் புகுந்து வேறு விளக்குகளை மங்கலாக எரியவைக்கும். எல்.இ.டி.க்கு மிகச் சிறு மின்னோட்டமே போதும் என்பதால் அது இன்னும் எளிதில் ஏமாறும். ‘பின்னூட்டல்’ வேண்டாம், அதை ஃபீட்பேக்குக்குக் கொடுத்தாயிற்று. கள்ளச்சாவி, கள்ளத்தோணி வரிசையில் கள்ளப்பாய்வு எனலாம். மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடு ஒன்றை வைத்தால் தடுக்கலாம்.

சில புதிய கார்களில், விளக்கு அணைந்திருக்கும்போதே பல்பு உயிரோடு இருக்கிறதா என்று கட்டுப்பாட்டகம் நுண்துடிப்பு அனுப்பிச் சோதிக்கும். அதில் எல்.இ.டி. மினுங்குவதை ‘ஆவி ஒளி’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கசிவொளி போதாதா?

ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்), எல்.இ.டி. இரண்டையும் தொட வேண்டாம். ‘ஒளி உமிழ் டையோடு’ பாடநூலில் இருக்கட்டும், கையேட்டில் ஒருமுறை சொல்லிவிட்டு எல்.இ.டி. என்றே எழுதலாம். ரிலேயின் 30, 85, 86, 87 என்ற முனை எண்களையும் அப்படியே விட வேண்டும், வயரிங் செய்பவர் அவற்றைப் பார்த்துத்தான் கம்பி மாட்டுகிறார். ஃபியூஸ் பெட்டியிலிருந்தே கூடுதல் இணைப்பு எடுக்கும் செருகிக்குக் கிளையுருகி என்று இந்த இழையில் வந்த பரிந்துரையை வழிமொழிகிறேன். ஒயரைச் சீவி ஜாயின்ட் போட்டு டேப் சுற்றும் பழக்கத்தை விரட்ட ஒரு நல்ல சொல்லாவது உதவட்டும்.

ரிலேயை இயங்கச் சொல்லும் சைகையைக் கொண்டுபோகும் ‘ட்ரிகர் வயர்’ மட்டும் பாக்கி. தூண்டுகம்பி என்றால் இலங்கையில் ‘தூண்டி’ இன்டக்டரைக் குறிப்பதால் இடிக்கிறது. ஏவுகம்பி என்று நினைத்திருக்கிறேன், ஆனால் ஏவுகணை நினைவுக்கு வந்து தொலைக்கிறது. யாழ்ப்பாணத்து, கொழும்பு அன்பர்கள் அங்குள்ள கராஜ்களில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்