கிராண்ட் எழுதிய துண்டுச் சீட்டுகள்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படைத் தளபதியாக இருந்து பிறகு அதிபரான யுலிசிஸ் கிராண்டின் நினைவுக் குறிப்புகளை இப்போதுதான் முடித்தேன். தொண்டைப் புற்றுநோயோடு, 1885 ஜூலையில் சாவதற்குச் சில நாள் முன்புவரை எழுதியிருக்கிறார். பேச்சும் போய்விட்டதாமே, மருத்துவரிடம் எப்படிப் பேசினார்?

பதில்: பென்சிலும் துண்டுச் சீட்டும்தான் சார். ஒரு சீட்டில், தான் பிரதிப்பெயர் இல்லை, வினைச்சொல் என்று எழுதுகிறார். வினைச்சொல் குறிப்பது இருப்பது, செய்வது, துன்பப்படுவது; அந்த மூன்றும் தான்தான் என்கிறார். அதைப் படித்த அன்று வேறு எதையும் படிக்க முடியவில்லை எனக்கு.

பதில்: எனக்கு மனதில் நின்றது அப்பமாட்டாக்ஸ் பகுதி, எதிரணியான தெற்குப் படையின் தளபதி லீ அவரிடம் சரணடைந்த இடம். முந்தின இரவெல்லாம் தலைவலி, வெந்நீரில் கால், கழுத்தில் கடுகுப் பத்து. மறுநாள், சரணடைவது பற்றிப் பேசச் சந்திக்கலாம் என்ற லீயின் கடிதத்தைப் பார்த்த நொடியே தலைவலி போய்விட்டது! அப்புறம் லீக்காக வருத்தப்படுகிறார் பாருங்கள், பெரிய மனசு.

கேள்வி கேட்டவர்: நன்றி. சீட்டுகள் இன்னும் இருக்கின்றனவா?

பதில்: வாஷிங்டனில், காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன.