மாநிலத் தொழில் அமைச்சர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது? ஆர்.வெங்கட்ராமன் காலம் (1957–67) பற்றி ஒரு கேள்வி

நிலாமுற்றம் (கேள்வி):

வணக்கம். முதுகலைப் பொருளாதாரம் படிக்கிறேன். மாநிலத் தொழில் கொள்கை பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் தாத்தாவில் தொடங்கி வகுப்பில் பாடம் எடுப்பவர்கள் வரை எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள்: காமராஜர் ஆட்சியில் தொழில் வளர்ந்ததற்கு அவருடைய தொழில் அமைச்சர் ஆர்.வெங்கட்ராமன்தான் காரணம் என்று. படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது.

1951ஆம் ஆண்டு தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டப்படி பெரிய ஆலைக்கு உரிமம் கொடுத்தது டில்லி. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கம், திருச்சி பெல் கொதிகலன் ஆலை, ஆவடி டாங்கி ஆலை, பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலை எல்லாமே மத்திய அரசினுடையவை. டி.ஐ. சைக்கிள், அசோக் லேலண்ட், என்ஃபீல்டு மூன்றும் இவர் 1957இல் அமைச்சராவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டன. அப்படியென்றால் மாநில அமைச்சர் செய்தது என்ன? அடிக்கல் நாட்டு விழாவில் மாலை போட்டுக்கொண்டது மட்டுமா?

இன்றைக்கும் இதே கேள்விதான். 2024 ஜனவரி உலக முதலீட்டாளர் மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதாக அரசு சொன்னது. இதில் ஒரு அமைச்சரின் பங்கு எவ்வளவு, எதை வைத்து அளப்பது?

லேத்_பட்டறை:

தம்பி, உரிமம் டில்லியில் இருந்தது என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தச் சட்டத்தையே இன்னொரு முறை பாருங்கள். மின்சாரம் வைத்து ஓட்டும் ஆலையில் 50 பேருக்குக் கீழ் இருந்தால் அந்த உரிமம் தேவைப்படவில்லை. அந்த 50க்குக் கீழே இருந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அமைச்சர் என்ன செய்தார் என்பதை எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

அப்பா பெரிய பட்டறை ஒன்றில் டர்னர், அதாவது லேத் என்கிற கடைசல் மெஷினில் வேலை செய்கிறவர். கையில் வேலை இருந்தது, கையில் காசு இல்லை. ஜாமீனுக்குக் காட்ட ஒரு சென்ட் நிலமும் கிடையாது. அந்த நிலையில் ஒரு ஆள் சொந்தமாக லேத் போட வேண்டுமென்றால் என்னவெல்லாம் வேண்டும் என்று யோசியுங்கள். இடம் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் போட்டால் அக்கம்பக்கம் சத்தம் தாங்காது. மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும், அதற்கு விண்ணப்பித்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மெஷின் வேண்டும், அப்புறம் இரும்பு வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மற்றவை வீண்.

1958இல் வந்த கிண்டி தொழிற்பேட்டை இந்தக் கணக்கை மாற்றியது. அரசே ஷெட் கட்டியது. கூரை, சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் முதலில் வந்தன, தொழில் செய்கிறவன் அதற்குப் பிறகு வந்தான். இந்த வரிசைதான் முக்கியம். வழக்கமாக இந்த நாட்டில் நீங்கள் முதலில் கடன் வாங்கி, கட்டடம் கட்டி, வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது மின்கம்பம் வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கிண்டியில் அது தலைகீழ். மெஷினுக்குத் தேசிய சிறுதொழில் கழகம் இருந்தது. 1955இல் தொடங்கியது, மத்திய அரசு நிறுவனம், தவணையில் மெஷின் கொடுக்கும். அந்த மெஷின்தான் ஜாமீன். மத்திய அரசின் திட்டம் நாடு முழுக்க ஒன்றுதான். ஆனால் அந்த மெஷினை இறக்கி வைக்க ஒரு தரையும், ஓட்ட மின்சாரமும் எந்த மாநிலத்தில் தயாராக இருந்ததோ அங்கேதான் அது வேலையாக மாறியது. மாநில அமைச்சர் செய்தது என்ன என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

கிண்டியோடு நிற்கவில்லை. மதுரை கே.புதூர், திருநெல்வேலியில் பேட்டை என்ற பகுதி, விருதுநகர் என்று வெளியூர்களிலும் பேட்டைகள் வந்தன. 1964 வாக்கில் அம்பத்தூர், ஆயிரம் ஏக்கருக்கு மேல். அம்பத்தூரை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பாடி. அங்கே 1960களின் தொடக்கத்தில் வாகன உதிரிபாகம் செய்கிற லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன். இன்னொரு பக்கம் ஆவடி டாங்கி ஆலை. அம்பத்தூரிலேயே டி.ஐ. சைக்கிள். கொஞ்சம் வடக்கே எண்ணூரில் லேலண்ட். நீங்கள் சொன்ன "முன்பே வந்துவிட்ட" ஆலைகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு புஷ், பின், பிராக்கெட், ஸ்பிரிங் யார் கொடுப்பது? ஒரு பிரேக் செய்கிற ஆலை எல்லா உருப்படியையும் தானே கடைந்துகொண்டிருக்காது. பெரிய ஆலை எங்கே வர வேண்டும் என்பதில் டில்லிக்கும் முதலாளிக்கும் சொல் இருந்தது. அதன் பக்கத்தில் இருநூறு முந்நூறு சின்னப் பட்டறைக்கு இடம் ஒதுக்குவது மாநிலத்தின் முடிவு. எங்கள் பட்டறையில் முதல் பத்தாண்டு ஓடியது முழுக்க அப்படி வந்த ஜாப் ஆர்டர்கள்தான்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை. வெங்கட்ராமன் தொழில் துறையை மட்டும் வைத்திருக்கவில்லை. அந்தப் பத்தாண்டில் தொழிலாளர் நலம், மின்சாரம், கூட்டுறவு, போக்குவரத்து, வணிகவரி என்று பலவும் அவர் பொறுப்பில் இருந்தன. மின்வாரியம் 1957 ஜூலையில் உருவானது. கனடா உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் வந்தது. நெய்வேலி அனல் மின்நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கியது. பேட்டைக்கு மின்சாரம் வருமா என்று தொழில் அமைச்சர் மின்சார அமைச்சருக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. இன்று பெரிய தொழிற்பூங்காக்களைப் பார்க்கும் சிப்காட் ஒரு அமைச்சரிடம், சிறுதொழில் பேட்டைகளைப் பார்க்கும் சிட்கோ இன்னொருவரிடம், மின்சாரமும் தொழிலாளரும் வேறு வேறு ஆட்களிடம். எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், கோப்பு நடக்கிற தூரம் கூடத்தானே செய்யும்?

எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். இரும்புக்கும் செம்புக்கும் கோட்டா. அப்பா அதற்காக அலைந்த அலைச்சலைப் பார்த்து வளர்ந்தவன் நான். கோட்டா கிடைக்காத மாதத்தில் மெஷின் சும்மா நிற்கும், தவணை நிற்காது. வெளியில் கறுப்பு விலைக்கு வாங்கினால் லாபம் போச்சு. ஷெட் கொடுத்த அரசால் இரும்பு கொடுக்க முடியவில்லை. அதன் சாவி உண்மையிலேயே டில்லியில் இருந்தது.

டிட்கோ என்கிற தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தையும் சேர்த்துப் படியுங்கள். 1965இல் இவர் காலத்தில் தொடங்கியது. அரசும் தனியாரும் பங்குதாரராகச் சேர்ந்து ஆலை தொடங்க ஒரு கருவி. 1984இல் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கியபோது அவர் மாநில அமைச்சர் பதவியை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது, அதே ஆண்டில் குடியரசுத் துணைத்தலைவராகவே ஆகிவிட்டார். ஒரு அமைச்சரை அவர் நாற்காலியில் இருந்த காலத்தை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தாமிரபரணி:

பெரியவர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் இது சென்னையிலிருந்து பார்த்த வரலாறு. பாடி, அம்பத்தூர், ஆவடி, எண்ணூர், கிண்டி: நீங்கள் சொன்ன ஊர்களைக் கூட்டிப் பாருங்கள், எல்லாம் ஒரே நாளில் பஸ்ஸில் சுற்றி வரும் தூரம். திருநெல்வேலி பேட்டையிலும் மதுரை கே.புதூரிலும் ஷெட் வந்தது உண்மைதான். அங்கே பக்கத்தில் ஆர்டர் கொடுக்க லேலண்டும் லூகாஸும் எங்கே? நீங்களே சொன்ன கணக்குப்படி பெரிய ஆலை இல்லாத இடத்தில் சின்னப் பட்டறைக்கு உயிர் இல்லை.

கோவையின் மோட்டாரும் பம்பும், சிவகாசியின் தீப்பெட்டியும் அச்சும் எந்த அமைச்சரையும் கேட்டு வளரவில்லை. அவற்றையும் சேர்த்து ஆர்.வி. கணக்கில் எழுதுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. கட்டுரையில் அதைச் செய்துவிடாதீர்கள்.

அவரால் முடியாமல் போனதையும் எழுதுங்கள். சேலம் உருக்காலையை இந்த மாநிலம் ஆண்டுக்கணக்கில் கேட்டது. மாநிலத்திலும் காங்கிரஸ், மத்தியிலும் காங்கிரஸ், அப்போதும் வரவில்லை. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்து "எழுச்சி நாள்" நடத்தித்தான் சேலத்துக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் குரல் கொடுக்க வேண்டியிருந்தது. உருக்காலையில் உற்பத்தி தொடங்கும்போது 1980களே வந்துவிட்டது. அப்புறம் நெய்வேலி. நிலம் கொடுத்த குடும்பங்களின் வேலைப் பிரச்சினை இன்றைக்கும் தீரவில்லை. வேலைவாய்ப்புக் கொள்கை பற்றி எழுதும்போது அந்த மனிதர்களை விட்டுவிட்டு மெகாவாட் மட்டும் எழுதுவது நியாயமில்லை.

வழக்குமன்றம்:

தொழிலாளர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞர் நான். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்.

வெங்கட்ராமன் அரசியலில் பெரிய ஆளாகும் முன் தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர். 1949இல் "லேபர் லா ஜர்னல்" என்ற சட்ட இதழைத் தொடங்கியவர். எங்கள் அலுவலக அலமாரியில் அதன் தொகுதிகள் இன்றும் இருக்கின்றன, தீர்ப்பு தேடும்போது எடுக்கிறோம். அப்படிப்பட்டவர் கையில் தொழிலும் தொழிலாளரும் ஒன்றாக இருந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அதன் தடம் தெரிகிறது. 1958 ஒரே ஆண்டில் இங்கே வந்த சட்டங்களைப் பாருங்கள்: ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களையும் சில பண்டிகை நாட்களையும் சம்பளத்துடன் விடுமுறையாக்கிய சட்டம், உணவு விடுதித் தொழிலாளர் சட்டம், பீடித் தொழிலிடங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம். கிண்டி பேட்டை திறந்த அதே ஆண்டு! முதலீட்டை அழைக்க வேண்டுமென்றால் தொழிலாளர் சட்டத்தைத் தளர்த்தியே ஆக வேண்டும் என்று இப்போது பேசுகிறவர்களுக்கு இந்த ஆண்டைக் காட்ட வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். வந்த முதலாளிகள் யாரும் இதற்காகத் திரும்பிப் போகவில்லை.

நிலாமுற்றம்:

மூவருக்கும் நன்றி. 50 பேர் வரம்பை நான் கவனிக்கவே இல்லை, கட்டுரையின் போக்கையே அது மாற்றுகிறது. பெரியவரே, தாமிரபரணி அண்ணன் சொன்ன தெற்கு மாவட்டக் கேள்விக்கு உங்கள் பதில் என்ன? இன்றைய ஒப்பந்தங்களை அளப்பது பற்றியும் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே.

லேத்_பட்டறை:

தெற்கைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். ஆர்டர் இல்லாத ஷெட் வெறும் கூரைதான். வெளியூர்ப் பேட்டைகளில் சில இடங்களில் ஷெட் கிடங்காகிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை 1967இல் நின்றுவிடவில்லை. அடுத்து வந்த ஆட்சி பழையதைக் கலைக்காமல் 1970இல் சிட்கோ, 1971இல் சிப்காட் என்று அதன் மேலேயே கட்டியது. ராணிப்பேட்டையும் ஓசூரும் அப்படி வந்தவை. கட்சி மாறியும் பாதை மாறாதது இந்த மாநிலத்துக்குக் கிடைத்த பெரிய கொடுப்பினை என்று நினைக்கிறேன். ஆர்.வி. பெயரோடு அதையும் எழுதுங்கள்.

ஒப்பந்தத் தொகையை நான் பார்ப்பதே இல்லை. அது வருகிறவன் சொன்ன வார்த்தை, வந்தவன் போட்ட பணம் இல்லை. உங்களுக்கு ஒரு உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மின்சாரக் கார் செய்கிற வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2024 ஜனவரியில் ஒப்பந்தம் போட்டது, பிப்ரவரியில் தூத்துக்குடி சிப்காட்டில் அடிக்கல், 2025 ஆகஸ்டில் ஆலை திறப்பு. இந்த வேகத்துக்கு அமைச்சரையும் அதிகாரிகளையும் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் என் கணக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த ஆலைக்கு ஒரு பிராக்கெட்டையாவது கடைந்து கொடுக்கிற பட்டறை திருநெல்வேலி பேட்டையில், கோவில்பட்டியில், விருதுநகரில் எத்தனை? அந்தப் பட்டறைகளுக்கு மின் இணைப்பு விண்ணப்பித்த நாளுக்கும் கிடைத்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? கடனுக்கு என்ன ஜாமீன் கேட்கிறார்கள்? ஜாமீன் இல்லாத டர்னர் ஒருவனாவது முதலாளியாகியிருக்கிறானா? வருங்கால வைப்பு நிதிப் பட்டியலில் உள்ளூர்ப் பெயர்கள் எத்தனை?

இதெல்லாம் மாநாட்டு மலரில் இருக்காது தம்பி. நேரில் போய்க் கேட்க வேண்டும்.

தாமிரபரணி:

அந்தக் கடைசிக் கேள்விகளில் பெரியவரும் நானும் ஒரே பக்கம். நிலாமுற்றம், நீங்கள் கிளம்புவதாக இருந்தால் பேட்டையில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்கள் உண்டு, அழைத்துப் போகிறேன். திங்கட்கிழமை வேண்டாம். அன்றைக்கு மெட்டீரியல் இறக்குவார்கள், யாரும் பேச மாட்டார்கள்.