520டி: ரன்-ஃப்ளாட்டைக் கழற்றினால் சஸ்பென்ஷன் கெடுமா?

பவானிக்கரை (கேள்வி)

வணக்கம். வாங்கலாமா என்று பார்க்கும் வண்டி: 2018 பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், 520டி, ஜி30 தலைமுறை, பிஎஸ்4 டீசல், 72,000 கி.மீ. டயர் 245/45 ஆர்18 ரன்-ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை), நான்குமே தேய்ந்துவிட்டன. பைபாஸில் மிதக்கிறது. ஊருக்குள் தார் ஒட்டுப்போட்ட இடங்களில் மட்டும் 'டக் டக்' என்று உள்ளே அடிக்கிறது. 90-100 வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் லேசாக நடுங்குகிறது.

1. சாதா டயருக்கு மாறலாமா? "இந்தக் காரின் சஸ்பென்ஷனே ரன்-ஃப்ளாட்டுக்காகச் செய்தது, மாற்றினால் பேலன்ஸ் போய்விடும்" என்று ஒரு டயர் கடையில் சொல்கிறார்கள்.
2. கீழே தட்டாமல் இருக்க ஸ்பிரிங்குக்கு ரப்பர் பஃபர் போடலாமா?
3. சென்னையில் பூட்டும் வண்டி என்பதால் பாகங்கள் இங்கேயே கிடைக்குமா?

வாங்குமுன் வேறு எதைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

திருகுசாவி

இரண்டு தொந்தரவையும் ஒன்றாகக் கட்டிப் பார்க்காதீர்கள் சார். 'டக் டக்' பெரும்பாலும் டயர். நடுக்கம் பெரும்பாலும் புஷ் (சஸ்பென்ஷன் இணைப்பின் முனையில் இருக்கும் ரப்பர் மூட்டு). டயர் மாற்றினால் முதலாவது போகும், இரண்டாவது அப்படியே இருக்கும். அப்புறம் புது டயரைத்தான் குறை சொல்வோம்.

முன்பக்க அமைப்பு தெரிந்தால் இது விளங்கும். 5 சீரிஸில் ஜி30-க்கு முந்தைய தலைமுறையான எஃப்10 (2010) வரும்வரை முன்னால் ஸ்ட்ரட் வகைதான். அதில் ஷாக் அப்சார்பரே சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தூணாகவும் வேலை செய்கிறது. பக்கவாட்டு விசையில் ஒரு பங்கு அதன் தண்டில் விழும், உள்ளே உராய்வு கூடும். பெரிய பள்ளத்தில் இது தெரியாது. சின்ன ஒட்டில் ஷாக் அசையத் தயங்கும், அந்த அடி அப்படியே மேலே வரும். எஃப்10-இல் டபுள் விஷ்போன் வந்தது, ஜி30-யும் அதையே தொடர்கிறது. மேலே ஒரு ஆர்ம், கீழே இரண்டு தனித்தனி அலுமினிய இணைப்புகள். சக்கரத்தை நிறுத்தும் பொறுப்பு ஆர்ம்களுக்குப் போய்விட்டதால் ஷாக் மேலும் கீழும் போய்வரும் வேலையை மட்டும் பார்க்கிறது. வளைவில் உடல் சாயும்போதும் டயர் தரையில் கிட்டத்தட்ட நிமிர்ந்தே உட்காரும். பின்பக்கம் ஐந்து இணைப்புகள் கொண்ட அச்சு.

ஆக, இவ்வளவு மெனக்கெட்டு உராய்வைக் குறைத்த காரில் சின்ன ஒட்டு உள்ளே கேட்கிறது என்றால் முதல் சந்தேகம் டயரின் பக்கச்சுவர் மேல்தான். காற்றே இல்லாமல் 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் வண்டியைத் தாங்க வேண்டும் என்று அந்தச் சுவருக்குள் தடித்த ரப்பர் வைத்திருக்கிறார்கள். காற்று இருக்கும்போதும் அந்த விறைப்பு எங்கும் போகாது. கனமும் கூடுதல். அந்தக் கனத்தை ஸ்பிரிங் தாங்குவதில்லை, சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் துள்ளும்.

இப்போது நடுக்கம். கீழ் இணைப்புகளில் ஒன்று, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் போகாமல் இழுத்து நிறுத்துவது. அதன் உள்முனையில் இருப்பது திரவம் நிரப்பிய ரப்பர் புஷ். ரப்பர் கிழிந்து திரவம் கசிந்துவிட்டால் தணிப்பு போய்விடும், 80-110 வேகத்தில் பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் உதறும். லிஃப்டில் ஏற்றி புஷ்ஷைச் சுற்றிக் கறுப்பு ஈரக்கறை இருக்கிறதா பாருங்கள், கடப்பாரை முனையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். பிரேக் டிஸ்க்கில் தடிமன் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் இதேபோல் நடுங்கும். ஆனால் அப்போது பெடலும் காலை உதைக்கும். பெடல் அமைதியாக, ஸ்டீயரிங் மட்டும் ஆடினால் புஷ்ஷைப் பிடியுங்கள்.

மாற்றுகிற இடத்தில் ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது புஷ் போல்ட்டை இறுதியாக முறுக்கக் கூடாது. ரப்பர் அந்தத் தொங்கல் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் எப்போதும் முறுகியபடியே இருக்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைத் தளர்வாக விட்டு, ஆர்மை ஜாக்கியால் வண்டி நிற்கும் உயரத்துக்குத் தூக்கிய பிறகே முறுக்க வேண்டும். "போன வருசம்தான் சார் மாத்துனோம், மறுபடி போயிருச்சு" என்ற புலம்பலில் பாதிக்கு இதுதான் காரணம். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பிறகு அலைன்மென்ட்: முதலில் பின்சக்கரம், அப்புறம் முன்சக்கரம். பின்னது கோணலாக இருந்தால் வண்டி எந்தத் திசைக்குப் போக நினைக்கிறதோ அதற்கு முன்னதைச் சரிசெய்ததாகிவிடும், ஸ்டீயரிங் நேராக நிற்காது.

பஃபர் வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்கின் இரண்டு சுருளுக்கு நடுவே ரப்பரைத் திணித்தால் வேலை செய்யும் சுருள் குறைகிறது, ஸ்பிரிங் விறைக்கிறது, மிச்சச் சுருள்களில் திரிபு கூடி ஒருநாள் உடைகிறது. ஷாக்கின் தணிப்பு பழைய விறைப்புக்குக் கணக்கிட்டது என்பதால் பெரிய மேட்டில் ஏறி இறங்கினால் வண்டி இரண்டு மூன்று முறை குதிக்கும்.

நாலுசக்கரம்

டயர் கடைக்காரர் சொன்னதைப் பொய் என்று தள்ளிவிட வேண்டாம். ரன்-ஃப்ளாட்டின் விறைப்பைக் கணக்கில் எடுத்துத்தான் ஷாக்கும் புஷ்ஷும் தேர்ந்திருப்பார்கள். சாதா டயர் போட்டால் திருப்பத்தின் தொடக்கத்தில் ஸ்டீயரிங் ஒரு நூல் தாமதமாகப் பதில் சொல்லும், அவ்வளவுதான். "பேலன்ஸ் போய்விடும்" என்பது மிகை. நிபந்தனைகள் இருக்கின்றன:

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். முன்னால் சாதா, பின்னால் ரன்-ஃப்ளாட் என்று கலந்தால் முன்னும் பின்னும் வளைவில் வெவ்வேறு விதமாக நெளியும், மழையில் அது விளையாட்டல்ல.

245/45 ஆர்18 அளவிலேயே சுமைக் குறியீடு 96 உள்ள டயரும் 100 எக்ஸ்எல் (கூடுதல் சுமை தாங்கும்) டயரும் விற்கிறார்கள். விலை பார்த்து 96-ஐ எடுக்காதீர்கள், 100 எக்ஸ்எல் கேளுங்கள். காற்று அழுத்தம் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தாளில் இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அதன்படி. "சாதா டயர்தானே, கொஞ்சம் குறைச்சு வைங்க" என்பது வேண்டாம். பள்ளத்தில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கிக் கொப்பளம் வரும்.

சொகுசுதான் குறி என்றால் 17 அங்குல ரிம்முக்கு இறங்குவதையும் யோசியுங்கள். கணக்கு இதோ (அகலம் மி.மீ.-இல், பக்கச்சுவர் அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம் அங்குலம் என்ற வரிசை). 225/55 ஆர்17: பக்கச்சுவர் 124 மி.மீ., மொத்த விட்டம் 679. 245/45 ஆர்18: 110 மி.மீ., விட்டம் 678. 19 அங்குலத்தில் முன்னால் 245/40, பின்னால் 275/35: சுவர் 98-உம் 96-உம் மட்டுமே, முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்யவும் வழியில்லை. 18-லிருந்து 17-க்கு வந்தால் ஸ்பீடோமீட்டர் மாறாது, சுவர் 14 மி.மீ. கூடும். எம் ஸ்போர்ட் பிரேக் இருந்தால் 17 ரிம் ஏறாது. பணம் கொடுப்பதற்கு முன் முன்சக்கரத்தில் ஒன்றை மாட்டி, கையால் சுற்றி, காலிப்பரில் இடிக்கிறதா பாருங்கள்.

ஈயப்பட்டறை

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். சென்னைக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் பிஎம்டபிள்யூ ஆலை 2007 முதல் ஓடுகிறது, ஜி30 அங்கே பூட்டியதுதான். இஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஃபோர்ஸ் மோட்டார்ஸ், அச்சுகளை இசட்எஃப் ஹீரோ, சீட்டை லியர், சைலன்சரை டென்னகோ என்று உள்நாட்டிலிருந்து அந்த ஆலைக்குக் கொடுக்கிறார்கள். இதை வைத்து ஆர்மும் புஷ்ஷும் செங்கல்பட்டில் சில்லறையில் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். ஆலைக்குப் போவது முழுத் தொகுதி. உங்களுக்குத் தேவை உதிரி எண்ணுள்ள ஒற்றைப் பாகம், அது வேறு வழியில் வருகிறது. 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துப் பாக எண்ணை வாங்கி, அந்த எண்ணை வைத்தே தேடுங்கள். "520டி ஆர்ம்" என்று கேட்டால் எஃப்10 ஆர்ம் வந்து இறங்கும்.

வாங்குமுன் உடலைப் பாருங்கள். இந்தக் காரின் பானட், டிக்கி மூடி, கதவுகள் எல்லாம் அலுமினியம். டேஷ்போர்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மெக்னீசியம். முந்தைய தலைமுறையைவிட 100 கிலோ வரை இளைத்தது என்று கம்பெனி சொன்னதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. கூடவே ஒரு பாடம்: எஃப்10-க்கும் முந்தைய தலைமுறையான இ60-இல் (2003) முன்பகுதிச் சட்டத்தையே அலுமினியமாக்கி, பசையும் ரிவெட்டும் போட்டு இரும்பு உடலோடு சேர்த்தார்கள். முன்பக்க எடை இறங்கியது. ஆனால் மோதினால் பழுதுபார்க்கத் தனிக் கருவி, தனி அறை, தனிப் பயிற்சி வேண்டியிருந்தது. எஃப்10-இல் அந்தச் சட்டம் இரும்புக்கே திரும்பியது. பொறியியலில் பின்வாங்குவதும் நல்ல முடிவுதான், என் கருத்தில் அது சரியான பின்வாங்கல்.

உங்களுக்கு இதில் வேலை என்ன? பெயின்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் கொண்டுபோகும்போது அலுமினியத்திலும் அளக்கும் வகையா என்று கேளுங்கள். காந்தத்தை நம்பும் மலிவு மீட்டர் இந்தக் கதவில் எண்ணே காட்டாது. ஆலைப் பூச்சு 100-150 மைக்ரான் சுற்றில் இருக்கும். 200-க்கு மேல் என்றால் மறுபூச்சு, 400-ஐத் தாண்டினால் அடியில் பட்டி. இரும்பு உடலை டிங்கரிங் செய்த அதே உளி, அதே சாணைக்கல்லால் அலுமினியக் கதவைத் தட்டியிருந்தால் இரும்புத்தூள் பதிந்து, ஈரத்தில் அந்த இரும்பு அலுமினியத்தைத் தின்னும். பெயின்ட் அடியில் வெள்ளைப் பொடியோடு கொப்பளம் தெரிந்தால் காரணம் அதுதான். கதவின் கீழ்விளிம்பு மடிப்பில் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.

டீசல்புகை

எல்லாரும் சக்கரத்தையும் தகரத்தையுமே பேசுகிறீர்கள். இந்தக் காரின் பி47 டீசல் இஞ்சினில் முதலில் கேட்க வேண்டியது ஈஜிஆர் கூலர் (இஞ்சினுக்கே திருப்பி விடும் புகையைக் குளிர்விக்கும் பாகம்). 2018-இல் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்து, சோதிக்காத வண்டிகளை ஓட்டக் கூடாது என்று அரசே உத்தரவிட்டது, நினைவிருக்கும். கூலருக்குள் விரிசல் வந்து கூலன்ட் கசிகிறது. அதிலுள்ள கிளைகால் என்ற ரசாயனம் புகைக்கரியோடும் எண்ணெய்ப் பிசுக்கோடும் சேர்ந்து படிகிறது. சூடான புகை மோதும்போது அந்தப் படிவு கனன்று, பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டை (இஞ்சினுக்குக் காற்று போகும் குழாயை) உருக்குகிறது. உலகம் முழுக்கத் திரும்ப அழைத்துக் கூலரை மாற்றினார்கள். உங்கள் வண்டிக்கு அது பொருந்துமா, முடிந்ததா என்று சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். அறிகுறி எளிது: வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கூலன்ட் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். ஊற்றி ஊற்றி ஓட்டுவது ஆபத்து.

இஞ்சினின் டைமிங் சங்கிலி (வால்வுகளை நேரத்துக்கு இயக்குவது) பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. சத்தம் வந்தால் கியர்பாக்ஸையோ இஞ்சினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. அதனால் ஆயிலில் கஞ்சத்தனம் வேண்டாம். திரை சொல்லும் இடைவெளியை மறந்துவிட்டு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, பிஎம்டபிள்யூவின் லாங்லைஃப்-04 தரம் உள்ளதாக மாற்றுங்கள்.

கியர்பாக்ஸ் இசட்எஃப் கம்பெனியின் 8ஹெச்பி, எட்டு கியர் ஆட்டோமேட்டிக். கார் கம்பெனி "ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்" என்கிறது. அதைச் செய்த இசட்எஃப் 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் சொல்வதைக் கேட்பதுதான் புத்தி. அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதிலேயே ஒட்டியது, தட்டு முழுசாக மாறும். 7 லிட்டர் வாங்கி வையுங்கள். வடிவது 5-6 லிட்டர்தான், மிச்சம் டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். வண்டி நாலு பக்கமும் மட்டமாக நிற்க வேண்டும். நிரப்புத் துளையில் வழியும்வரை ஊற்றி, இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி ஒவ்வொரு கியராகப் போட்டு எடுத்து, ஆயில் சூடு 30-50 டிகிரிக்குள் இருக்கும்போது மறுபடி வழியும்வரை ஊற்றி மூட வேண்டும். சூட்டை ஸ்கேனரில் பார்க்காமல் மூடினால் ஒரு லிட்டர் குறையலாம், கியர் வழுக்கும், பழி பெட்டி மேல் விழும்.

பவானிக்கரை

மிக்க நன்றி. 18-லேயே சாதா டயர் என்று முடிவு. அப்படியென்றால் ஸ்டெப்னி வேண்டுமே? பழைய எஃப்10 ரிம் ஒன்று மலிவாக வருகிறது, டிக்கியில் போட்டு வைக்கலாமா?

நாலுசக்கரம்

ஏறாது சார். எஃப்10-க்கு ஐந்து போல்ட் வட்டம் 120 மி.மீ., நடுத்துளை 72.6. ஜி30-க்கு 112 மி.மீ., 66.5. 'அடாப்டர் போட்டுக்கலாம்' என்பார்கள், கேட்காதீர்கள். ஜி30-க்கே உரிய ரிம் தேடுங்கள், அதே சுற்றுவிட்டம் உள்ள டயரோடு. இல்லையென்றால் சின்னக் கம்ப்ரசர், பஞ்சர் குச்சிக் கிட், கூடுதலாக ஒரு டப்பா சீலன்ட். சீலன்ட் ஆணித் துளைக்குத்தான் உதவும், பக்கச்சுவர்க் கிழிசலுக்கு உதவாது. உள்ளே இருக்கும் அழுத்த சென்சாரையும் பிசுபிசுப்பாக்கும், டயரைக் கழற்றியதும் துடைக்கச் சொல்லுங்கள்.

புது டயர் போட்டதும் அழுத்தம் சரிபார்த்துவிட்டு, திரையில் டயர் கண்காணிப்பை ரீசெட் செய்துகொள்ளுங்கள். சக்கர போல்ட் 140 நியூட்டன்-மீட்டர், டார்க் ரெஞ்சால்தான். ஏர்கன்னால் விட்டுவிட்டு "டைட்டா இருக்கு" என்று அனுப்பினால், வழியில் பஞ்சர் ஆகும்போது வண்டியோடு வந்த ஸ்பேனரால் அதைக் கழற்ற முடியாது.